காசு கொடுத்து வாங்கிய படம் கைக்குள் வர எத்தனை பாடு!

சாயங்காலம் படப்பை பஸ் ஸ்டாப்பில் ஒரு அரை மணி நேரம் நின்றால் போதும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஏறுகிறவர்களில் நிறையப் பேர் சீட்டில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, போனை எடுத்துப் படம் போடுவதுதான். நேற்று பாதியில் விட்ட சினிமா, ஒரு காமெடி, ஒரு பழைய பாட்டு.... எதுவோ ஒன்று. "இந்த ஃபைல் நம்ம போன்ல ஓடுமா?" என்று யாரும் யோசிப்பதே இல்லை. தொட்டால் ஓடுகிறது. அவ்வளவுதான்.

பதினெட்டு, இருபது வருஷத்துக்கு முன்னால் இது இவ்வளவு சுலபம் கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து கையில் வைத்துப் படம் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள் ராத்திரியே வேலையை ஆரம்பிக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஓட விட்டு, படத்தை 'கன்வர்ட்' செய்து, மெமரி கார்டில் ஏற்றி, காலையில் ஓடுகிறதா இல்லையா என்று சாமி கும்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பசங்களின் கனவுப் பொருளான சோனி பி.எஸ்.பி. இதற்கு நல்ல உதாரணம். விளையாட்டுக் கருவிதானே என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் கதைக்குள் இன்றைக்கும் பதில் கிடைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. காசு கொடுத்து ஒரு படத்தை வாங்கியவர், அதைத் தன் கருவிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

முதலில் கருவியைப் பார்க்கலாம். பி.எஸ்.பி. ஜப்பானில் 2004 டிசம்பர் 12 அன்று வெளிவந்தது. அமெரிக்காவில் 2005 மார்ச்சில். கேம் விளையாடத்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் திரையைப் பார்த்தவர்களுக்கு சினிமா ஆசை வராமல் இருக்காது. 4.3 அங்குல அகலத் திரை, 480 × 272 புள்ளிகள். அதே காலத்தில் சாதாரண கலர் போன்களில் ஓடிய 3ஜிபி வீடியோ (கொள்ளளவு இல்லைங்க, ஃபார்மட்டின் பெயரே அதுதான்) பெரும்பாலும் 176 × 144 புள்ளிகள். ஹீரோ யார், வில்லன் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் :) அதோடு ஒப்பிட்டால் பி.எஸ்.பி. திரையில் ஐந்து மடங்கு புள்ளிகள்.

இந்த ஆசை சோனிக்கும் தெரியும். அதற்காகவே யு.எம்.டி. என்று ஒரு குட்டி டிஸ்க் கொண்டு வந்தார்கள். 60 மில்லிமீட்டர் விட்டம், 1.8 ஜி.பி. கொள்ளளவு. கேம்களும் அதில்தான், படங்களும் அதில்தான். அமெரிக்காவில் முதலில் விற்ற பத்து லட்சம் பி.எஸ்.பி.களோடு 'ஸ்பைடர்மேன் 2' படத்தின் யு.எம்.டி. இலவசமாகவே கொடுத்தார்கள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் விற்றது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. ஏற்கெனவே டிவிடி வைத்திருப்பவர் அதே படத்தை இன்னொரு தடவை, டிவிடி விலைக்கோ அதற்கு மேலோ கொடுத்து வாங்க வேண்டும். அந்த டிஸ்க் வேறு எந்தப் பிளேயரிலும் போகாது, டிவியோடு சேர்த்து வீட்டில் எல்லோருமாகப் பார்க்கவும் முடியாது. போதாக்குறைக்கு ஏரியா பூட்டு. கேம்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது, படங்களுக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த படம் இங்கே வாங்கிய பி.எஸ்.பி.யில் ஓடாமல் போகலாம். 2006லேயே ஹாலிவுட் கம்பெனிகள் சில பின்வாங்க ஆரம்பித்துவிட்டன.

தமிழ்ப் படம் பார்க்க நினைத்தவருக்கு இந்தக் கவலையே இல்லை. யு.எம்.டி.யில் வந்தவை பெரும்பாலும் ஹாலிவுட் படங்களும் ஜப்பானிய அனிமேவும்தான். நம்ம ஊர் ஆளுக்கு இருந்த ஒரே வழி மெமரி ஸ்டிக். அதாவது, தானே கன்வர்ட் செய்துகொள்வது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. திரை 480 × 272 என்று சொன்னோம் இல்லையா? யு.எம்.டி. படம் அந்த முழு அளவில் ஓடும். ஆனால் மெமரி ஸ்டிக்கில் போட்ட சொந்த வீடியோவுக்கு 320 × 240 அளவுதான் வரம்பு. அதைத் தாண்டினால் பி.எஸ்.பி. ஏற்றுக்கொள்ளாது. சரி, கருவிக்கு அவ்வளவுதான் சக்தி போல என்று நினைத்தால், 2007 மார்ச்சில் வந்த 3.30 மென்பொருள் அப்டேட்டில் அதே கருவி 480 × 272 மட்டுமல்ல, 720 × 480 வீடியோவையும் ஓட்ட ஆரம்பித்தது! கருவிக்குள் ஒரு ஸ்க்ரூ கூட மாறவில்லை. கதவு முதலிலிருந்தே இருந்தது, பூட்டி வைத்திருந்தார்கள். கடையில் விற்கும் டிஸ்க்குக்கு முன்வாசல், வாங்கியவரின் சொந்த ஃபைலுக்குக் கொல்லைப்புறம்.

கன்வர்ட் செய்வது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வீடியோ ஃபைல் என்பது ஒரு டிபன் பாக்ஸ் மாதிரி. டப்பா வேறு, உள்ளே இருக்கிற சாப்பாடு வேறு. ஏவிஐ, எம்பி4 என்பதெல்லாம் டப்பாவின் பெயர். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சாப்பாடு. டிவிடியில் இருப்பது எம்பெக்-2. விசிடியில் இருப்பது எம்பெக்-1. நெட்டில் சுற்றிய படங்கள் பெரும்பாலும் ஏவிஐ டப்பாவுக்குள் டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட். பி.எஸ்.பி. கேட்டதோ எம்பி4 டப்பாவுக்குள் எம்பெக்-4. டப்பா பெயரை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது, மறுபடியும் சமைக்கத்தான் வேண்டும். இதற்கென்று பி.எஸ்.பி. வீடியோ 9 என்ற இலவச மென்பொருள் பிரபலமாக இருந்தது. சோனியும் மீடியா மேனேஜர் என்று ஒன்றை வெளியிட்டு, ஆரம்பத்தில் அதற்குத் தனியாக விலை வைத்தது. கருவிக்கு ஒரு காசு, மெமரி ஸ்டிக்குக்கு ஒரு காசு, ஏற்றுவதற்கும் ஒரு காசு!

மாற்றி முடித்தாலும் தலைவலி தீராது. முதலில் வந்த மென்பொருளில் ஃபைலுக்கு நாம் விரும்பிய பெயர் வைக்க முடியாது. 'எம்பி அண்டர்ஸ்கோர் ரூட்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் '100எம்என்வி01' என்று இன்னொரு ஃபோல்டர், அதற்குள் 'எம்4வி00001' என்ற பெயரில் ஃபைல். ஓர் எழுத்து மாறினாலும் படம் லிஸ்டில் தெரியாது.

அளவுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வீடியோவுக்கு நொடிக்கு 768 கிலோபிட், ஆடியோவுக்கு 128 என்று வைத்தால் மொத்தம் 896 கிலோபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 112 கிலோபைட். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் 9000 நொடி. பெருக்கினால் கிட்டத்தட்ட 1 ஜி.பி. வருகிறது. அமெரிக்காவில் பி.எஸ்.பி. பெட்டியோடு முதலில் கொடுத்த மெமரி ஸ்டிக்கின் கொள்ளளவு 32 எம்.பி. அதில் ஐந்து நிமிஷம் கூட ஓடாது. ஒரு பாட்டு போடலாம், சரணம் முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும்! அந்த கார்டும் சோனி தன் வசம் வைத்திருந்த வகை. சந்தையில் மலிவாகக் கிடைத்த எஸ்டி கார்டை அதில் அப்படியே செருக முடியாது.

இதற்கு நடுவில் நம்ம ஊர்ப் பிரச்சினை ஒன்று. பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு படத்தைக் கன்வர்ட் செய்ய, படம் ஓடும் நேரத்தை விட அதிக நேரம் பிடிக்கும். 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு என்ன பாடு படுத்தியது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். சென்னை நகரத்தை விட வெளியே இருந்த ஊர்களுக்குத்தான் அடி அதிகம். எம்பி4 ஃபைலின் விலாசப் பட்டியல் மாதிரியான ஒரு பகுதி பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். 95 சதவீதம் முடிந்த நேரத்தில் கரண்ட் போனால் 95 சதவீதப் படம் கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காது. மறுபடியும் முதலிலிருந்து....

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இவ்வளவு கஷ்டப்பட்டவர் யார்? படத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்! அதுதான் இதில் பெரிய அநியாயம். ஓர் உதாரணம். 2007ஐ ஒட்டி மோசர் பேர் என்ற இந்தியக் கம்பெனி தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. திருட்டு விசிடி விலைக்குப் பக்கத்திலேயே ஒரிஜினல்! பெட்டிக்கடையில் கூட கிடைத்தது. அப்படி 28 ரூபாய் கொடுத்து நேர்மையாக வாங்கிய ஒருவரையும், மெமரி கார்டைக் கொடுத்து யாரோ கன்வர்ட் செய்து வைத்த புதுப்படத்தை ஏற்றிக்கொண்ட ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். முதல் ஆள் காசும் கொடுத்தார், ராத்திரி தூக்கத்தையும் கொடுத்தார். இரண்டாவது ஆள் சில ரூபாயில் ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்தார். வணிகவியல் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள்: பொருளின் விலை என்பது பில்லில் போட்டிருக்கும் தொகை மட்டுமில்லை, அதைப் பயன்படுத்த ஆகும் நேரமும் அலைச்சலும் சேர்ந்ததுதான். அந்தக் கணக்கில் நேர்மையானவருக்குத்தான் விலை அதிகம். நேர்மைக்கு அபராதம் போடுகிற சந்தை எத்தனை நாள் தாங்கும்?

"கன்வர்ட் செய்ய விட்டால் ஒருத்தன் வாங்குவான், வகுப்பே காப்பி அடிக்கும், தயாரிப்பாளர் தலையில் துண்டுதான்" என்று மறுபக்கத்தில் சொல்வார்கள். இது பொய் இல்லை. படம் ரிலீஸ் ஆன அன்றே திருட்டு டிஸ்க் வந்த காலம் அது. குண்டர் சட்டத்தில் 2004ல் திருட்டு வீடியோ ஆட்களையும் சேர்க்கும் அளவுக்குப் போனது நிலைமை. வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்தவரின் பயம் நியாயமான பயம்.

ஆனால் அந்தப் பயத்துக்குப் போட்ட பூட்டு யார் வீட்டில் தொங்கியது என்று பாருங்கள். திருடன் பூட்டை ஒரே ஒரு தடவை உடைக்கிறான். அதற்குப் பிறகு வெளியே வரும் காப்பி எதிலும் பூட்டு கிடையாது. கடையில் வாங்கிய ஒவ்வொரு டிஸ்க்கிலும் பூட்டு அப்படியே இருக்கிறது. ஆக, பூட்டு தொல்லை கொடுத்தது வாங்கியவருக்கு மட்டும்தான். மாற்றுவது வேறு, பரப்புவது வேறு. ஒரே ஆள், ஒரே படம், டிஸ்க்கிலிருந்து கைக்கருவிக்கு. இதில் யாருக்கும் ஒரு டிக்கெட் நஷ்டம் இல்லை. அதே ஃபைலை நாலு பேருக்குக் கொடுத்தால் நஷ்டம் உண்டு, அது தப்பு. கோடு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. அதன் 52ஆவது பிரிவில் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் பல வருஷம் அது இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்ற படைப்புகளுக்கு மட்டும்தான். சினிமா அந்தப் பட்டியலில் இல்லை! 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் கம்ப்யூட்டர் புரோகிராம் தவிர எல்லாப் படைப்புகளுக்கும் அந்தச் சலுகையை விரித்தது. அதாவது 2008ல் 28 ரூபாய் விசிடியை வாங்கித் தன் பி.எஸ்.பி.க்கு மாற்றியவருக்கு அந்தச் சலுகையின் நிழல் கூட கிடைத்திருக்காது. அதே திருத்தம் 65ஏ என்று இன்னொரு பிரிவையும் கொண்டு வந்தது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. 'மீறும் நோக்கத்தோடு' என்ற வார்த்தை அதில் இருப்பது நல்ல விஷயம். ஆனாலும் "வாங்கிய படத்தைச் சொந்த உபயோகத்துக்கு வேறு ஃபார்மட்டுக்கு மாற்றலாம்" என்று நேரடியாக ஒரு வரி சட்டத்தில் இல்லை. வக்கீல் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அந்த ஒரு வரியைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பிரிட்டன் 2014 அக்டோபரில் அப்படி ஒரு விதிவிலக்கைக் கொண்டு வந்தது. இசைத்துறை அமைப்புகள் வழக்குப் போட, 2015 ஜூலையில் அங்கே நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் இல்லை.

நார்வேயில் யோன் லெக் யோஹன்சன் என்ற பையன் 1999ல் டிவிடி பூட்டைத் திறக்கும் ஒரு புரோகிராமை வெளியிட்டதில் சிக்கினான். அவன் தரப்பு வாதம், வாங்கிய டிவிடியை லினக்ஸ் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்பது. 2003ல் இரண்டு நீதிமன்றங்களிலும் விடுதலை. இதை விட வேடிக்கை சோனியின் பழைய கதை. சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டரில் டிவி நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டு என்று ஹாலிவுட் வழக்குப் போட்டது. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்பு சொன்னது. வீட்டில் இருப்பவர் தன் வசதிக்கு நேரத்தை மாற்றிக்கொள்வது தப்பில்லை என்று. நேரத்தை மாற்றலாம் என்று வாதாடி ஜெயித்த கம்பெனியே, இருபது வருஷம் கழித்து ஃபார்மட்டை மாற்ற வந்தவருக்கு 320 × 240 என்று அளவு குறித்துக் கொடுத்தது!

பூட்டு இல்லாவிட்டால் வியாபாரமே படுத்துவிடும் என்பதும் நடந்து பார்த்த கதைதான். 2009ல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை பாட்டுகளுக்குப் போட்டிருந்த பூட்டை எடுத்துவிட்டது. பாட்டு விற்பனை நின்றுவிடவில்லை.

கடைசியில் என்ன ஆயிற்று? 2014 ஜூனில் ஜப்பானில் பி.எஸ்.பி. சப்ளையை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க சுமார் 8 கோடி கருவிகள் விற்ற பிறகு. அடுத்து வந்த வீட்டாவில் யு.எம்.டி. போட இடமே இல்லை. அதே 2014ல், நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையும் மூடப்பட்டது. 2006ல் உற்பத்தி தொடங்கி எட்டு வருஷம் போன் செய்து குவித்த இடம். மோசர் பேர், டிஸ்க் சந்தை சரிந்து, சோலார் முதலீட்டுக் கடனும் சேர்ந்து, 2018ல் கலைப்புக்குப் போனது. இன்றைக்கு அதே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது. படப்பை பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கருவி வரும், போகும். ஆலையே வரும், போகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கிய யு.எம்.டி. படம் இன்றைக்கு பழைய பி.எஸ்.பி. ஒன்று உயிரோடு இருந்தால் மட்டுமே ஓடும். 2007ல் ராத்திரி கண்விழித்து கன்வர்ட் செய்த எம்பி4 ஃபைல், அழியாமல் வைத்திருந்தால், இன்றைய போனில் தொட்டவுடன் ஓடும். எந்தக் கம்பெனியின் தயவும் தேவையில்லை. கருவியின் ஆயுள் ஐந்தாறு வருஷம், படத்தின் ஆயுள் தலைமுறை. தேய்மானம் கருவிக்குத்தான் எழுத வேண்டும், படத்துக்கு இல்லை.

இது பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. இன்றைக்கு ஓடிடி ஆப்களில் 'டவுன்லோட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் படம் போனுக்குள்தான் வருகிறது, ஆனால் ஆப்பை விட்டு வெளியே எடுக்க முடியாது. சந்தா முடிந்தால் போய்விடும். அது வாடகை என்றால் சரி, வாடகை என்றே சொல்லட்டும். ஆனால் 'வாங்கு' என்று பட்டன் வைத்துக் காசு வாங்குகிற எவரும், எடுத்துப் போகிற மாதிரி ஒரு ஃபைலைக் கொடுக்க வேண்டும். விற்றதற்கும் வாடகைக்கு விட்டதற்கும் வித்தியாசம் தெரியாமல் பில் போடக் கூடாது.

சினிமாவை விடுங்கள். பல வீட்டு பீரோவில் கல்யாண விசிடி ஒன்று இருக்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பா, மேலே ரோஜாப்பூ, மாலை போட்ட படம். அதில் தாத்தா நடந்து வருவார், பாட்டி யாரையோ அதட்டிக்கொண்டிருப்பார். இப்போது இல்லாதவர்கள் எத்தனை பேர் அதில் உயிரோடு இருக்கிறார்கள்! அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயர் இல்லை, புது லேப்டாப்களில் டிஸ்க் போடும் இடமும் இல்லை. எழுதப்பட்ட சிடி வருஷம் ஆக ஆகத் தானாகவே கெட்டுப்போகும் சரக்கு. அதற்கு எந்தக் கம்பெனியும் பூட்டுப் போடவில்லை, யார் அனுமதியும் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பிடித்து, டிஸ்க்குக்குள் 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை முதலில் அப்படியே காப்பி எடுத்து, பிறகு ஹேண்ட்பிரேக் மாதிரி ஏதாவது இலவச மென்பொருளில் எம்பி4ஆக மாற்றி, இரண்டு இடத்தில் வைத்துவிட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இப்போதெல்லாம் அவ்வளவாகக் கரண்ட் போவதில்லை :)